மூன்றாவது வரிசைக் கோட்டு

மண்டபத்து மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து முழங்கிக்கொண்டிருந்தார். தொழில் பார்க்கும் வக்கீல்களுக்கான கட்டாய வகுப்பு அது. இன்றைய பாடம், கட்சிக்காரருக்குச் செய்யவேண்டிய கடமை. கேட்டுக்கொண்டிருந்தவை வெறும் கறுப்புக் கோட்டுகள், கண்ணுகளா. நாற்காலிக்கு ஒன்றாக மாட்டியிருந்தன. ஆள் ஒருவரும் இல்லை. கோட்டு வந்தால் வக்கீல் வந்த மாதிரி என்பது அவர்களுக்குள் ஒரு வழக்கம்.

பேச்சித்தாய் வாசலிலேயே நின்றாள். "கிளாஸ்ல இருக்கேம்மா, வரலேன்னா சன்னதே போயிரும், அப்புறம் வக்கீல் தொழிலே பாக்க முடியாது" என்று சற்றுமுன்தான் போனில் சொல்லியிருந்தார் அவளுடைய வக்கீல் ஞானதிரவியம். இன்று அவளுடைய வீட்டு வழக்கு; அவளுக்காக யாரும் ஆஜராகாவிட்டால் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுவார்கள்.

"எங்கய்யா என் வக்கீலு?"

வருகை குறிப்பவர் நிமிரவில்லை. "அந்தா, மூணாவது வரிசையில இருக்காருல்லா."

அவள் அங்கே போய்ப் பார்த்தாள். ஒரு கோட்டின் காலரில் அவர் பெயர் தைத்திருந்தது. "இதுவாய்யா படிக்கி?" என்று அதை வெடுக்கென்று உருவினாள்.

"ஏம்மா, எடுக்காத! அவருக்கு ஆப்சென்ட் விழுந்துரும்!"

"விழட்டும். என் வீடே விழப்போவுது."

எதிரே இருந்த கோர்ட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"உங்களுக்கு யாரும்மா ஆஜர்?" என்றார் நீதிபதி.

வக்கீல்கள் நிற்கும் இடத்துக்குப் போய், கோட்டின் தோள்பட்டையைப் பிடித்து உயரத் தூக்கினாள்.

"இவருதான் சாமி. வகுப்புல இருந்து நேரா கூட்டிட்டு வாரேன். கேளுங்க, என்ன படிச்சாருன்னு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கோட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். அவளுக்குக் கை கடுத்தது, இறக்கவில்லை.