ஆறாவது டப்பா

"முப்பது வருஷமா சோவியத் தபால் முத்திரையைக் கரைச்சுக் குடிச்சவர்னு உங்களுக்குப் பேரு! ரஷ்ய எழுத்துல முதல் மூணே தெரியலைன்னா எப்படி சார்?"

கூடத்திலிருந்து வந்த சத்தத்தில், அடுப்படியில் அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

எட்டிப் பார்த்தாள். முத்திரைச் சங்கத்தின் செயலாளர்தான். பழைய கவர்க் கட்டு ஒன்றை மேஜையில் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே அவள் கணவர், குனிந்த தலை நிமிராமல்.

"ஒரு தபால் ஆபீஸ்ல ஏழெட்டு முத்திரை அச்சு இருந்திருக்கு. எந்த அச்சால குத்தினதுன்னு தெரியத்தான் தேதிக்குக் கீழே ஒரு குட்டி எழுத்து. முதல் எழுத்தா, முதல் டப்பா. ரெண்டாவது எழுத்தா, ரெண்டாவது டப்பா. இதுல என்ன சார் குழப்பம்? இங்கிலீஷ் ஏபிசியில வர்ற பி மாதிரி இருக்கிறதை ரெண்டாவது டப்பாவில போட்டிருக்கீங்க. ரஷ்ய வரிசையில அது மூணாவது! 'வ'ன்னு படிக்கணும்! நிஜமான ரெண்டாவது எழுத்து, பார்க்க ஆறு மாதிரி இருக்கும். அதைக் கொண்டுபோய்..."

"எங்கே போட்டிருக்கேன்?"

"ஆறாவது டப்பாவில!"

அவளுக்குச் சுரீரென்றது. போட்டது அவள்.

கணவருக்குப் பார்வை போய் ஏழு மாதம். எதைப் பார்த்தாலும் நட்டநடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. இனி திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட ஒரு "ம்" வராது. சேகரிப்பாளர்களுக்காக வகை பிரித்துத் தரச்சொல்லிச் சங்கத்திலிருந்து ஒரு கட்டு வந்த அன்றுதான் எழுந்து உட்கார்ந்தார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, உத்தேசமாக ஒவ்வொரு டப்பாவிலும் போடுவார். மதியம் அவர் கண்ணயர்ந்ததும் அவள் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி அடுக்குவாள்.

"இல்லாம போன தேசத்துக்கு இன்னும் தபால் பிரிக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்று இத்தனை வருஷமாகக் கிண்டலடித்தவள், இப்போது அந்தப் பொடி எழுத்துக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். யாரிடமும் சந்தேகம் கேட்கவில்லை. கான்வென்ட்டில் படித்தவளுக்கு ஏபிசிடி சொல்லித்தர இன்னொருத்தர் வேண்டுமா என்ன?

"என் கவனக்குறைவுதான். இனிமே சரியாப் போடறேன்" என்றார் கணவர்.

"அ, ப, வ. மூணே எழுத்து. எங்கே, சொல்லுங்க!"

"அ... ப... வ."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயலாளரின் காப்பியில் சர்க்கரை போடுவதா, உப்பைக் கொட்டுவதா என்று ஒரு கணம் யோசித்தாள். சர்க்கரைதான் போட்டாள். போட்டுவிட்டு, அதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

அவர் கிளம்பியதும் பின்னாலேயே போய் வாசல் கேட்டருகே மடக்கினாள்.

"நில்லுங்க சார். அவர் வயசென்ன, உங்க வயசென்ன? ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை மாதிரி நிக்கவச்சு ஒப்பிக்கச் சொல்றீங்க?"

"அது வந்தும்மா..."

"வரவும் வேண்டாம், போகவும் வேண்டாம். அவர் மேல தப்பே இல்லை. அவருக்குக் கண்ணே தெரியலை. அடுக்கறது நான். ஆறாவது டப்பாவில போட்ட மேதாவி நான்தான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க." அதுவரை உறுமிய குரல் சட்டென்று உடைந்தது. "கட்டு அனுப்பறதை மட்டும் நிறுத்திடாதீங்க சார். அது நின்னா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துடுவார்."

செயலாளர் கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார்.

"மெதுவாம்மா, அவர் காதில விழுந்துடப் போகுது. கட்டெல்லாம் நிக்காது. கண் விஷயத்தை அவரே எங்ககிட்ட அப்பவே சொல்லிட்டார். நீங்க அடுக்கறதும் அவருக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"ஒருநாள் வேணும்னே மொத்தக் கவரையும் ஒரே டப்பாவில திணிச்சுட்டுப் போய்ப் படுத்தாராம். எழுந்து வந்து தடவிப் பார்த்தா, எட்டு டப்பாவும் நிறைஞ்சிருந்துதாம்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பின்னே ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா கூச்சப்பட்டு விட்டுடுவீங்கன்னு பயம். 'அவளுக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒவ்வொரு கவரா எடுத்து, அதுகூட சண்டை போட்டுக்கிட்டே அடுக்கறா. அதைக் கேட்கத்தான் தூங்கற மாதிரி படுத்திருக்கேன். நன்றின்னு வாய் திறந்து சொல்ல முடியலையே, அது ஒண்ணுதான் குறை'ன்னு போன வாரம் ஃபோன்ல சொன்னார்."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கண் நனைந்தால் வாய் சும்மா இருக்க வேண்டும் என்று சட்டமா?

"அதெல்லாம் சரி. அப்படிப்பட்ட மனுஷனை எதுக்கு அந்தக் கத்து கத்தினீங்க?"

"நானாவா கத்தினேன்? அந்த எழுத்துத் தப்பைப் பத்தி ஃபோன்ல சொன்னதும் அவர்தாம்மா சொன்னார்: 'அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தா மாட்டிக்குவேன். நீங்க நேர்ல வந்து என்னைத் திட்டுங்க. நல்லா அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி.'"