வாசலில் இரண்டு கிளாஸ்

"எடுங்க மாப்ளே, எந்தக் கிளாஸ் வேணாலும் எடுங்க! ஒண்ணுல வோட்கா, ஒண்ணுல தண்ணி!" என்று பொண்ணின் அப்பா லூத்விக் ஊருக்கே கேட்கிற மாதிரி கூவினார்.

மண்டப வாசலில் ரொட்டியும் உப்பும் வைத்த தட்டை ஏந்தி அம்மா நின்றாள். அதே தட்டில் இரண்டு சின்னக் கிளாஸ்கள், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லாமல். தேவாலயத்திலிருந்து நேராக வந்திறங்கிய பொண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொன்று எடுத்துக் குடிக்க வேண்டும். வோட்கா யாருக்கு வருகிறதோ, வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். போலந்தில் இதற்கு அப்பீலே கிடையாது.

கல்யாணப்பொண்ணு கிங்கா கிளாஸைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

இந்த மனுஷன் இதிலும் கை வைத்திருப்பாரா?

வைக்கக்கூடியவர்தான். வோட்காவைப் பாட்டிலோடு மேசையில் வைத்தால் கௌரவமாக இருக்காதாம். கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி வைத்தால் ஜமீன்தார் வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்குமாம். ஜமீனாவது மண்ணாங்கட்டியாவது! பாட்டிலுக்கு மூடி உண்டு, கூஜாவுக்கு இல்லை, தண்ணீர் கலந்தால் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் சங்கதி. மாப்பிள்ளையின் பெரியப்பா சித்தப்பாக்கள் உட்காரும் முன்வரிசைக்கு அசல் சரக்கு. நடுவரிசைக்குப் பாதிக்குப் பாதி. கடைசி மேசைகளுக்குக் குழாயடியே கதி.

விருந்திலிருந்து உப்பு மீனைத் தூக்கிவிட்டார், தின்றால் தாகம் எடுக்குமாம். பாட்டுக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு, நடுவில் நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னார். ஆடுகிறவன் கையில் கிளாஸ் இருக்காதே! பெற்ற மகளின் கல்யாணத்தில் விருந்தாளிகளை மூச்சிரைக்க ஆடவிட்டு மிச்சம் பிடிக்கிற மூளை வேறு யாருக்கு வரும்?

காலையில் அவள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். "கூஜாவுல என்ன கண்றாவி வேணா பண்ணிக்கோங்கப்பா. வாசல்ல குடுக்குற கிளாஸ்ல மட்டும் உங்க வேலையைக் காட்டாதீங்க."

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சத்தியம் செய்தார். சிலுவை போடக் காசு செலவில்லை, அதனால் தாராளமாகவே போட்டார்.

வோட்கா யாருக்கு வந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. இந்த மனுஷனையும் இவருடைய பொய்களையும் விட்டு வெளியே போனால் போதும். ராதெக்கைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அதற்காகத்தான். முதல் தடவை வீட்டுக்கு வந்தவன், அவள் செய்த கசகசா கேக்கை ஒரு வாய் தின்றுவிட்டு, "காஞ்சு கட்டையா இருக்கு" என்று பட்டென்று சொன்னான். எல்லோரும் முகம் சுளித்தார்கள். அவளுக்கோ அந்த நிமிஷமே அவனைப் பிடித்துப்போய்விட்டது. பொய் சொல்ல வராத ஓர் ஆம்பிளை அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

இருவரும் ஒரே மடக்கில் குடித்தார்கள்.

அவளுக்கு வந்தது தண்ணீர்.

அவள் பக்கவாட்டில் திரும்புவதற்குள் ராதெக்கின் முகம் கோணிக்கொண்டது. கண்ணை இறுக்கி மூடி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "யப்பா!" என்று உறுமினான். பிறகு காலிக் கிளாஸைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

வாசலே அதிர்ந்தது. "எங்க ராதெக்தான் எஜமான்! ஏம்மா கிங்கா, இனிமே நீ வாயைத் தொறக்கப்படாது, ஆமா!" என்று மாப்பிள்ளைத் தோழன் குதித்தான்.

கிங்கா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்! தோற்றுப்போனதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வழக்கப்படி கிளாஸைத் தோளுக்குப் பின்னால் வீசினாள். அது சுக்குநூறாக உடைந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் கைதட்ட, அப்பா மட்டும் வாடகைக் கிளாஸ் போச்சே என்று உதட்டைக் கடித்தார்.

"கசக்குது! கசக்குது!" என்று கூட்டம் கத்தத் தொடங்கியது. குடித்த வோட்கா கசக்கிறதாம். பொண்ணும் மாப்பிள்ளையும் முத்தமிட்டால்தான் இனிக்குமாம்.

ராதெக் அவள் இடுப்பை வளைத்து இழுத்தான். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று கூட்டம் சத்தமாக எண்ணியது. அவன் மூச்சு முழுக்க அவள் முகத்தில் அடித்தது. காலையில் தின்ற முட்டையின் வாடை அதில் இருந்தது. இப்போது குடித்த வோட்காவின் வாடை மட்டும் இல்லை. பொட்டுக்கூட இல்லை.

அப்படியானால் இரண்டு கிளாஸிலும் தண்ணீர்தான்.

அப்பா மேல் அவளுக்கு ஆத்திரம்கூட வரவில்லை. அவர் ஜென்மமே அப்படி. ஆனால் இவன்? நாக்கில் தண்ணீர் பட்டதும், வோட்கா அவளுக்குத்தான் போய்விட்டது என்று நினைத்திருக்கிறான். அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டுவிட்டான். அதற்கு அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பாத்தியா, எனக்குத்தான் வந்துச்சு," என்றான் அவள் காதோரம். "தொண்டையெல்லாம் எரியுது."

கிங்கா அவன் தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கிளாஸ்களில் என்ன ஊற்றினார் என்பது அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை எதைக் குடித்துவிட்டு எப்படி முகம் கோணினான் என்பதும் தெரியும்.

இதுவரை ராதெக்கை ஒரு செலவாக மட்டுமே பார்த்து வந்தவர், இப்போது கண்ணில் நீர் தளும்ப, பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.