இரண்டு வருஷக் கையெழுத்து

"இந்தக் கித்தா நாத்தத்துல எப்படித் தம்பி காலம் தள்றீங்க? பாவம்" என்றார் பொன்னுதுரை, சேதுராமன் வீட்டுக் காப்பியை ஆற்றியபடி.

சேதுராமனுக்கு அதுவரை தான் பாவம் என்று தெரியாது. மலாக்கா டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், ரப்பர்க் கடையில் அவன் கிராணி. எட்டு வருஷமாகக் கித்தாக் கணக்கு எழுதுகிறான். தவுக்கே யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதில்லை. சம்பளத்தை உயர்த்தியதும் இல்லை.

பொன்னுதுரையோ காஜா பேராங்கில் அவர்கள் தெருவிலேயே டை கட்டும் ஒரே மனிதர். வெள்ளைக்கார மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. டாக்டர்களைப் பார்த்து மருந்தின் மகிமையைச் சொல்வதுதான் வேலை. கம்பெனியே கார் கொடுத்திருந்தது.

"என் இடம் காலியாகுது. கம்பெனியில உங்க பேரைச் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். சம்பளம் ரெட்டிப்பு. கம்பெனிக் காடியும் உங்க கைக்கு வந்துரும்."

"ரெண்டு வருஷம் கழிச்சு?"

கேட்டது அடுப்படியிலிருந்து அவன் மனைவி சந்திரமதி. அவளுக்கு ஐந்து மாதம். அப்போது பிள்ளைக்கு இரண்டு வயசுகூட நிரம்பியிருக்காதே என்று அவள் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

"கெட்டிக்காரனுக்குக் கான்ட்ராக்ட் தானா நீளும் தங்கச்சி. இன்னும் கொஞ்ச நாள்ல சுதந்திரம் வருது. நாடே துணிஞ்சு கையெழுத்துப் போடுது. இவரு ஒரு காகிதத்துக்குப் பயப்படலாமா?"

"நாடு ரெண்டு வருஷத்துக்கா சுதந்திரம் வாங்குது?"

பொன்னுதுரை அவசரமாகக் காப்பியைக் குடித்தார்.

"இவ்வளவு நல்ல வேலையை நீங்க ஏண்ணே விடறீங்க?" என்று அவள் விடவில்லை.

"இதைவிட நல்லதா ஒரு இடம் அமையும் போல இருக்கு."

"சிங்கப்பூரா?" என்றான் சேதுராமன் ஆவலோடு.

பொன்னுதுரை சிரித்தார். சிங்கப்பூரேதான் என்று சேதுராமன் முடிவு கட்டிவிட்டான்.

அதன் பிறகு அவர் சாயங்காலம் தவறாமல் வந்தார். வரும்போதெல்லாம் சேதுராமனின் வேலையைப் பற்றி விசாரித்துத் துக்கப்பட்டார்.

"மழை பேஞ்சாலும் உள்ளேயேதான் உட்கார்ந்திருக்கணுமா? பாவம்."

"மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கே வந்துரணுமா? வெளியில நாலு கடையில ருசி பார்க்க முடியாது. பாவம்."

"அஞ்சு மணிக்கே கடையை அடைச்சிடறாரா? அப்புறம் பொழுது எப்படிப் போகும்? பாவம்."

சேமநிதி பிடிக்கிறார்களா என்றும் கேட்டார். மாசா மாசம் தவுக்கேயும் தன் பங்கைப் போடுகிறார் என்று சேதுராமன் சொன்னான். அதற்கு மட்டும் அவர் பாவம் சொல்ல மறந்துவிட்டார்.

"ஆள் பிடிச்சுக் குடுத்தா அவருக்குக் கமிஷன் இருக்கும். இல்லாமலா இப்படி நடையா நடக்கிறாரு?" என்றாள் சந்திரமதி.

"நல்லது செய்ய வர்ற மனுஷனைப் போய் இப்படிச் சொல்றியே!"

இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை பொன்னுதுரை இருவரையும் காரில் ஏற்றிக் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். சந்திரமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். பின்சீட்டு மெத்தென்று இருந்தது. கடல் காற்றும் சுகமாக அடித்தது.

"சரி, போடுங்க கையெழுத்தை" என்றாள் திரும்பும்போது.

போட்டான்.

"தவுக்கேகிட்டப் பக்குவமாச் சொல்லுங்க தம்பி. உங்க இடத்துக்கு ஆள் பார்த்துட்டாரா? நல்ல மனுஷன், அவரைத் தவிக்க விட்டுட்டு வரக் கூடாது" என்றார் பொன்னுதுரை.

சேதுராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் யார் இவ்வளவு தூரம் யோசிக்கிறார்கள்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிக் குத்திக் காட்டினான். அவளும் வெட்கப்பட்டுப் போய், மறுநாள் ஒரு தட்டு நிறைய அதிரசம் சுட்டு அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

புது வேலை தொடங்கியது. கடைசி நோயாளியும் போகும்வரை டாக்டர் வீட்டுப் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு டாக்டர் சாப்பிடப் போய்விடுவார். புக்கிட் ரம்பாயில் ஒரு டாக்டர் இலவச மாத்திரைகளை மட்டும் வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி டவுனுக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. கார் நடுரோட்டில் நின்றது. இறங்கித் தள்ளினான். தள்ளி ஓரம் சேர்த்தபோதுதான் எதிரே பார்த்தான். அவனுடைய பழைய ரப்பர்க் கடை.

மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

அவனுடைய மேஜை. அவனுடைய நாற்காலி. அதில் டை இல்லாமல், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, பொன்னுதுரை உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே! நீங்க சிங்கப்பூர் போகலையா?"

"நான் எப்பத் தம்பி சிங்கப்பூர்னு சொன்னேன்?"

"இதைவிட நல்ல இடம்னு..."

"ஆமா, இதுதான். தவுக்கே தங்கமான மனுஷன்."

"அப்ப உங்க கான்ட்ராக்ட்? தானா நீளும்னு சொன்னீங்களே?"

"அந்தக் கம்பெனி யாருக்கும் நீட்டறதில்லை தம்பி" என்ற பொன்னுதுரை வெளியே எட்டிப் பார்த்தார். "நின்னு போச்சா? மழைன்னா அந்தக் காடி அப்படித்தான்."

எழுந்து போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். சொட்டச் சொட்ட நின்றவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முதல் முறையாக மனசார, உள்ளபடியே வருத்தப்பட்டுச் சொன்னார்:

"பாவம்."