பூங்காவனத்தின் மஞ்சப்பை

வெற்றிச்செல்வி அனுப்பிய பதினோராவது துப்பறியும் கதையும் திரும்பி வந்துவிட்டது. 'இவ்வளவு பெரிய தடயத்தை எந்தக் குற்றவாளியும் விட்டுவிட்டுப் போக மாட்டான். நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகையின் உதவி ஆசிரியர் எழுதியிருந்தார்.

அரியலூரில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க ஆதார் அட்டையை நகலெடுப்பவளுக்குக் குற்றவாளியை எங்கே தெரியும்? அதனால்தான் மகளிர் குழு சென்னைக்குச் சுற்றுலா வேன் பிடித்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அவ்வளவு பெரிய பட்டணத்தில் ஒரு குற்றமாவது கண்ணில் படாமலா போகும்?

சென்னை அவளை ஏமாற்றிவிட்டது. கடற்கரையில் ஒரு சங்கிலிப் பறிப்புகூட நடக்கவில்லை. கலங்கரை விளக்கத்தின் உச்சியில் யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை. மெட்ரோ ரயிலில் ஒருவன் அவள் பர்ஸை எடுத்தான். "அக்கா, கீழ விழுந்துருச்சு" என்று கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். வெற்றிச்செல்விக்கு அழுகையே வந்தது.

அப்போதுதான் பூங்காவனத்தின்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

பூங்காவனம் அவள் தெருக்காரிதான். மகளைச் செட்டிகுளத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள். வெற்றிச்செல்விக்குப் பிரசவமானபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்த மனுஷி. ஆனால் விடியற்காலை வேன் ஏறியதிலிருந்து ஒரு மஞ்சப்பையை அணைத்துக்கொண்டே இருந்தாள். கடற்கரையில் எல்லோரும் அலையில் ஆட்டம் போட, இவள் மட்டும் ஒதுங்கிப் போய்ப் பையின் வாயைத் திறந்து, உள்ளே குனிந்து என்னவோ கிசுகிசுத்தாள். உள்ளே போன் வைத்திருக்கிறாளா? கூட்டாளி யாராவது இருக்கிறானா?

"பையில என்னக்கா?"

"ஒண்ணுமில்ல செல்வி. நீ போயி வேடிக்க பாரு."

மத்தியானம் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். வாசல் ரிஜிஸ்டரில் பதினான்கு பேருக்கும் சேர்த்துப் பெயரும் செல் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டது வெற்றிச்செல்விதான். உள்ளே ஒரு நீள மேசை முழுக்க, நத்தை மாதிரி சுருண்ட கற்கள். 'பழங்காலக் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள். அரியலூர் மாவட்டம். தொட்டுப் பார்க்கலாம்' என்று அட்டை வைத்திருந்தார்கள்.

"இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்ம ஓடையில காலுல இடறுதே!" என்று குழுவில் வந்த சசிகலா சிரித்தாள். கூட்டமும் சிரித்துக்கொண்டே யானை எலும்புக்கூட்டைப் பார்க்கப் போய்விட்டது. வெற்றிச்செல்வி மட்டும் கொஞ்சம் போவதுபோல் போய்த் திரும்பிவந்து, தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பூங்காவனம் மேசைமேல் குனிந்து கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். இடமும் வலமும் பார்த்தாள். ஒரு கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். முந்தானையால் நன்றாகத் துடைத்தாள். கைரேகையைத் துடைக்கிறாள்! மஞ்சப்பைக்குள் மெல்ல இறக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல நடந்தாள்.

வெற்றிச்செல்வி தூணோடு ஒட்டிக்கொண்டாள். இந்தக் கல்லுக்கு வெளிநாட்டுக்காரர்கள் லட்சக்கணக்கில் கொடுப்பார்கள் என்று யூடியூபில் எவனோ உளறியதைப் பூங்காவனத்துக்குப் போட்டுக் காட்டியவளே அவள்தான். கல் காணோம் என்று தெரிந்தால் முதல் போன் ரிஜிஸ்டரில் இருக்கும் நம்பருக்குத்தான் வரும். காவலாளியிடம் சொல்லிவிடலாம். ஆனால் தனக்குக் கஞ்சி ஊட்டிய கையைப் பிடித்துப் போலீஸில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வழி தானாகவே தேடி வந்தது.

"செல்வி, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். செத்த இதப் புடி. கீழ மட்டும் வெச்சுராத தாயி. வேற யாருகிட்டயும் குடுத்துராத."

பூங்காவனத்தின் தலை மறைந்ததுதான் தாமதம், வெற்றிச்செல்வி ஒரே ஓட்டமாக ஓடினாள். கல்லை எடுத்து மேசையில் மற்றக் கற்களோடு வைத்தாள். கனம் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவாளே? தன் தோள்பையில் இருந்த, கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸை, தின்று மிஞ்சிய புளிசாதத்தோடு, பைக்குள் கிடந்த சிவப்புத் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். பூங்காவனம் வந்து பையை வாங்கி, பழையபடி அணைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் வேன் குலுங்கக் குலுங்க வெற்றிச்செல்வி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். திருட்டும் நடந்துவிட்டது, பொருளும் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. தடயமே இல்லாத இந்தக் கதையை எந்த ஆசிரியர் திருப்பி அனுப்புவார், பார்க்கலாம்!

விளக்கு வைக்கும் நேரத்துக்கு, உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு டீக்கடையில் வேன் நின்றது. பூங்காவனம் ஓரமாக ஒரு பெஞ்சில் மஞ்சப்பையை வைத்து, அதன் முன்னால் கற்பூரம் ஏற்றினாள்.

"என்னக்கா இது?" என்றாள் வெற்றிச்செல்வி, டீ கிளாஸோடு வந்து.

"எங்க வூட்டு சாமி செல்வி. மாமனாரு காலத்துல ஓடையில கெடச்ச கல்லு. வூட்டுல நா இல்லாட்டி வெளக்கு வெக்க யாரு இருக்கா? சாமியப் பட்டினி போட மனசு வரல, கூடவே கூட்டியாந்துட்டேன். சொன்னா சிரிப்பீங்க, அதான் சொல்லல. பாவம், அதுவும் எங்க போயிருக்கு? கடலக் காட்டுனேன். மியூசியத்துல அதோட சொந்தக்காரங்கள்லாம் வரிசையா இருந்தாங்க, அவங்களோட செத்த ஒக்கார வெச்சு எடுத்தாந்தேன்."

வெற்றிச்செல்வி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு மஞ்சப்பையைப் பார்த்தாள்.

பூங்காவனம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சிவப்புத் துணியைப் பயபக்தியோடு பிரித்தாள். கற்பூர வெளிச்சத்தில் டிபன் பாக்ஸின் மூடியில் வெட்டியிருந்த எழுத்து பளபளத்தது: 'மு. வெற்றிச்செல்வி, அரியலூர்.'