அட்டையைத் தாண்டாத வெளிச்சம்

ரெபேக்கா டீச்சரின் மேசையில் மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். ஒரு கண்ணாடித் துண்டு, பஜ்ஜி மடித்து வந்த எண்ணெய்க் காகிதம், பழைய பெட்டியிலிருந்து கிழித்த அட்டை.

டீச்சர் டார்ச் அடித்தார். கண்ணாடி வழியாக வெளிச்சம் அப்படியே சுவரில் போய் விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எண்ணெய்க் காகிதம் மங்கலாகக் கொஞ்சம் விட்டது. அதற்கும் தட்டினார்கள். அட்டை மூச்சைப் பிடித்து, உடம்பை எக்கிப் பார்த்தது. ஒரு பொட்டு வெளிச்சம்கூடப் போகவில்லை. யாரும் தட்டவில்லை.

பாடம் முடிந்ததும் கண்ணாடி சொன்னது: "உனக்கு இனிமே குப்பைக்கூடைதான். யார் வந்தாலும் வாங்கன்னு சொல்லப் பழகணும், என்னை மாதிரி."

அட்டை பயந்துபோய்க் காகிதத்திடம் கெஞ்சியது. "அக்கா, எனக்கும் நாலு சொட்டு எண்ணெய் குடேன்."

"பஜ்ஜி தின்னவங்களைப் போய்க் கேளு" என்று காகிதம் சிரித்தது.

மதியம் பிள்ளைகள் பாயில் படுத்தார்கள். ஜன்னல் வெயில் நேராக சஃபியாவின் கண்ணில் விழ, அவள் புரண்டு புரண்டு அழ ஆரம்பித்தாள். டீச்சர் அவசரமாக மேசைக்கு வந்தார். கண்ணாடியை ஒதுக்கினார், காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார், அட்டையை எடுத்து ஜன்னல் கம்பியில் செருகினார்.

சஃபியாவின் அழுகை நின்றது. கண் மெல்ல மூடியது.

வெளியே வெயில் அட்டையின் முதுகைத் தட்டியது. "கொஞ்சம் வழி விடுப்பா."

"குழந்தை தூங்குது" என்றது அட்டை. "அப்புறமா வாங்க."