மூணாவது பெஞ்ச் சந்தேகம்

"சார், ஒரு சந்தேகம்..."

மூணாவது பெஞ்சிலிருந்து அந்தக் கை உயர்ந்ததுமே வகுப்பில் ஒரு முனகல் கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு. மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதப்போகிற இருபது பேர். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். கை தூக்கியவள் லேப் டெக்னீஷியன். பக்கத்தில் அவள் கணவன், ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். போன வருஷம் இதே தேர்வில் கவிழ்ந்தவன். இந்தத் தடவை மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

"கேளுங்கம்மா" என்றார் வாத்தியார், கடிகாரத்தைப் பார்த்தபடி.

அன்றைக்கு நடந்தது தகவல் போதுமா, போதாதா என்கிற வகைக் கணக்கு. விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம். கொடுத்திருக்கிற தகவல்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று சொன்னால் போதும்.

போர்டில் இரண்டு தகவல்கள் இருந்தன. 2x + 3y = 12. 4x + 6y = 24. x எவ்வளவு?

"போதாதுன்னு சொன்னீங்க சார். தெரியாதது ரெண்டு, சமன்பாடும் ரெண்டு. அப்புறம் எப்படிப் போதாம போகும்?"

"போச்சுடா!" என்றது முன்பெஞ்ச்.

எல்லோருக்கும் முன்னால் சத்தமாகச் சிரித்தவன் அவள் கணவன்தான். "வீட்லயும் இப்படித்தான் சார். ஒண்ணை நாலு தடவை சொல்லணும்."

"முதல் சமன்பாட்டை ரெண்டால பெருக்குங்கம்மா."

"அட, ரெண்டாவதே வருது!"

"அதான். ஒரே தகவல் சட்டை மாத்திட்டு வந்திருக்கு."

அடுத்த வாரமும் கை தூக்கினாள். "x² = 16ன்னா x நாலுதானே சார்? தகவல் போதுமே?"

"மைனஸ் நாலை எங்கம்மா தொலைச்சீங்க?"

மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் அவன்தான் முதலில்.

எட்டாவது வாரம் இதே வகைக் கணக்குகளில் மாதிரித் தேர்வு. விடைத்தாள்களைக் கொடுத்துக்கொண்டே வந்த வாத்தியார் அவளுடைய தாளில் நின்றுவிட்டார்.

"பதினஞ்சுக்குப் பதினஞ்சு. இது பரவாயில்ல. முதல் நாள் வச்ச டெஸ்டை எடுத்துப் பார்த்தேன். அதுலயும் இந்தப் பகுதி முழுசும் சரி!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வாராவாரம் அரை மணி நேரத்தை முழுங்கியிருக்கீங்க. இத்தனை பேர் லீவு நாள்ல தூக்கத்தை விட்டுட்டு வர்றாங்க. விளையாட்டா இருக்கா உங்களுக்கு?"

"மன்னிச்சிடுங்க சார். இனிமே கேக்கல."

வகுப்பே அவளை முறைத்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்தில் அவள் கணவன் தன் தாளைப் புரட்டினான். பன்னிரண்டு. முதல் நாள் டெஸ்டில் வாங்கியது மூணு.

மெல்ல எழுந்தான்.

"சார், எனக்கு இன்னும் மூணு கணக்கு இடிக்குது. இனிமே நானே கேட்டுக்கறேன்."

"கேளுங்க. அதுக்கும் உங்க வீட்டம்மா பண்ணினதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

அவன் உட்காரவில்லை.

"சனிக்கிழமை சாயங்காலம் வீட்ல கணக்குப் போடுவேன் சார். எங்கயாவது மாட்டிக்குவேன். இவ சொல்லித்தர வந்தா 'எனக்குத் தெரியும், உன் வேலையைப் பாரு'ம்பேன். எழுந்து போயிடுவா. மறுநாள் இங்க வந்து அதே இடத்துல கை தூக்குவா."

வாத்தியார் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார்.

"இவ கேட்டதெல்லாம் என்னோட சந்தேகம் சார். அது யாருக்கும் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் நான் முதல் ஆளா சிரிச்சேன்."