கட்டு முந்தி, குண்டு பிந்தி

“கொலைகாரி! இருபது வருஷமா பொத்திப் பொத்தி வச்சிருந்த உயிரை ஒரே நாள்ல சாகடிச்சுட்டியே!”

விளக்கு எரிந்ததும் திரைப்படச் சங்கத் தலைவர் போட்ட கூச்சலில் அரங்கமே திரும்பிப் பார்த்தது. செத்தது, சங்கத்திடம் இருக்கும் ஒரே பிரெஞ்சுப் படம். சாகடித்தவள், மூன்று வாரத்துக்கு முன் சேர்ந்த ஆபரேட்டர் பெண்.

போர்க்காலக் கதை. ஒரு விதவையின் நிலவறையில் ஒளிந்திருக்கும் சிப்பாய், மூன்றாம் சுருளில் இடது கையில் கட்டோடு வருவான். நாலாம் சுருளில்தான் அதே கையில் குண்டு பாயும். ‘குண்டு வருமுன்பே போர் மனிதனைக் காயப்படுத்திவிடுகிறது, அதுதான் இயக்குநரின் மேதைமை’ என்று தலைவர் புத்தகமே போட்டிருக்கிறார். வசனம் முழுக்கப் பிரெஞ்சு. அது புரிந்தவர் சங்கத்தில் ஒருவர்கூடக் கிடையாது, தலைவர் உட்பட.

இன்று குண்டு முதலில் பாய்ந்தது, கட்டு பிறகு வந்தது. முன்வரிசையில் நாலைந்து பேர் முதல் தடவையாக அழுதார்கள். தலைவருக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

“டப்பா மேல மூணு, நாலுன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கே! கண்ணை எங்க வச்சிருந்தே?”

“சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதை...”

“வாயைத் திறக்காதே! காவியத்தைக் கண்ணீர்க் கதையாக்கிட்டு விளக்கம் வேற!”

சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். நின்ற இடத்திலேயே, பச்சை மையில், வேலைநீக்கக் கடிதம் எழுதி அவள் கையில் திணித்தார். அவள் வீட்டில் புருஷனும் வேலையில்லாமல் இருந்தான். இதுவும் போனால் அவ்வளவுதான்.

ஆனாலும் அழவில்லை. விறுவிறுவென்று எந்திர அறைக்குப் போய் இரண்டு டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ‘மூன்று’ என்று எழுதியிருந்ததைத் திறந்து, சுருளின் நுனியை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். படக் கம்பெனி அச்சடித்த எண் பளிச்சென்று தெரிந்தது: 4. மற்றதைத் திறந்தாள்: 3.

“நான் டப்பாவைப் பார்த்து மாட்டல சார். ஃபிலிமைப் பார்த்து மாட்டினேன்.”

தலைவருக்கு முகம் வெளிறிப்போனது, குரல் மட்டும் இறங்கவில்லை.

“அப்போ லேபிளே தப்பா? எந்த மடையன் எழுதினான்? அவனை முதல்ல சங்கத்தை விட்டுத் துரத்தணும்!”

அவள் டப்பா மூடியையும் வேலைநீக்கக் கடிதத்தையும் ஒட்டினாற்போல் வைத்து அவரிடம் நீட்டினாள்.

“இருபது வருஷமா நீங்க மை கூட மாத்தல சார்.”